மாண்டரின் வாசிப்புக்கு ஒரு நீண்ட கதை: சீன இணைய நாவலில் இறங்குவது எப்படி

மாண்டரின் படிக்கிறவர்கள் பலர் ஒரே இடத்தில் வந்து நிற்கிறார்கள். பாடப்புத்தகம் புரிகிறது. வகுப்பில் கொடுக்கும் பத்தியும் புரிகிறது. வெளியே ஒரு செய்தியைத் திறந்தால் முதல் வரியிலேயே மூச்சு முட்டுகிறது. அந்த இடத்தில் நான் ஓராண்டுக்கு மேல் நின்றேன். அங்கிருந்து என்னை நகர்த்தியது சீன இணைய நாவல்தான். இந்த வழியில் புதிதாக இறங்குகிறவர்கள் எங்கே தொடங்கலாம், எங்கே நேரம் வீணாகும் என்பதை முதலிலிருந்து சொல்கிறேன்.

முன்னதாக ஒன்று. சீனச் சொற்களை இங்கே தமிழ் எழுத்திலேயே எழுதுகிறேன். நான்கு தொனிகளும் தமிழ் எழுத்தில் நிற்காது, மூச்சு கலந்த ஒலிகளும் சரியாக வராது. ஒவ்வொரு சொல்லையும் அகராதியில் ஒருமுறை காதால் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஏன் இணைய நாவல்?

சீனாவில் இதை வாங்வென் என்கிறார்கள். இணையத்தில் தினமும் ஓர் அத்தியாயம், இரண்டு அத்தியாயம் என்று வெளியாகும் தொடர்கதை. 2002இல் தொடங்கிய ச்சிதியன் தளம் அடுத்த ஆண்டே காசு கொடுத்துப் படிக்கும் முறையைக் கொண்டுவந்தது. முதல் சில அத்தியாயங்கள் இலவசம், அப்புறம் ஆயிரம் எழுத்துக்கு இத்தனை ஃபென் என்று கணக்கு. ஒரு யுவானுக்கு நூறு ஃபென். எழுத்து கூடினால் எழுதுகிறவரின் வருமானமும் கூடும். அதனால்தான் கதைகள் நீளமாக இருக்கின்றன. இருபது லட்சம், முப்பது லட்சம் எழுத்துகளுக்கு ஓடும் நாவல்கள் அங்கே சாதாரணம்.

நீளும்போது என்ன நடக்கிறது? அதே ஆட்கள், அதே இடங்கள், அதே சண்டை, அதே வாக்கிய அமைப்பு திரும்பத் திரும்ப வரும். சீன வாசகர்கள் இதை ஷுய் என்று குறை சொல்வார்கள், அதாவது தண்ணீர் கலந்துவிட்டார் என்று. மொழி கற்கிறவருக்கு அந்தத் தண்ணீர்தான் வேண்டும். ஒரு சிறுகதையில் புதுச் சொல் ஒருமுறை வந்து போய்விடும். இணைய நாவலில் அதே சொல் நாளைக்கும் வரும், அடுத்த வாரமும் வரும். நாற்பதாவது அத்தியாயத்தில் அது வந்ததையே கவனிக்காமல் தாண்டிப் போயிருப்பீர்கள். மனப்பாடம் செய்யாமல் ஒரு சொல் தங்குவது இப்படித்தான். ஆகவே இந்த வழிகாட்டி முழுவதற்கும் அடிப்படை ஒன்றே: ஒரு கதையை எடுங்கள், அதிலேயே இருங்கள்.

எப்போது தொடங்கலாம்

மிகச் சீக்கிரம் தொடங்கினால் வெறுத்துவிடும். மிகவும் தள்ளிப்போட்டால் பாடப்புத்தகத்திலேயே காலம் போய்விடும். எச்.எஸ்.கே. என்ற சீன மொழித்திறன் தேர்வின் பழைய ஆறு நிலைத் திட்டத்தில் நான்காம் நிலை 1,200 சொற்கள், ஐந்தாம் நிலை 2,500 சொற்கள். நான்காம் நிலையை முடித்து ஐந்தில் கால் வைத்தவர் தாராளமாகத் தொடங்கலாம். 2021இல் வந்த ஒன்பது நிலைத் திட்டத்தில் படிக்கிறவர்கள் எண்களை விட்டுவிட்டு, எத்தனை எழுத்துகளைப் பார்த்ததும் அடையாளம் காண்கிறோம் என்று பாருங்கள். 1,000 எழுத்து இருந்தால் கதவு திறக்கும். 1,500 இருந்தால் உள்ளே நடக்கலாம்.

இந்த எண்ணிக்கையில் ஒரு மயக்கம் உண்டு. அதிகம் புழங்கும் 1,000 எழுத்துகள் தெரிந்தால் சாதாரண உரையில் ஏறத்தாழ 90 சதவீதம் தெரிந்துவிடும் என்பார்கள். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் பத்தில் ஒன்று தெரியாது என்றால், இருபது எழுத்து வரியில் இரண்டு ஓட்டை. பெரும்பாலும் அந்த இரண்டில்தான் வரியின் உயிர் இருக்கும். 1988இல் சீன அரசு வெளியிட்ட அன்றாட எழுத்துப் பட்டியலில் மொத்தம் 3,500 எழுத்துகள். அதில் முதல் 2,500 தெரிந்தால் சுமார் 98 சதவீதம் கைவசம். நாம் போய்ச் சேர வேண்டிய இடம் அதுதான். அங்கே போவதற்குப் பட்டியலை உருப்போடத் தேவையில்லை. கதையே கொண்டுபோய் விடும்.

ஆயிரம் எழுத்துகூட ஆகவில்லை என்றால் இரண்டு மூன்று மாதம் எளிமையாக்கிய கதைப் புத்தகங்களைப் படியுங்கள். மாண்டரின் கம்பேனியன் வரிசையில் 150 எழுத்துக்குள் எழுதியவை, 300, 450 என்று படிப்படியாக இருக்கின்றன. டு சைனீஸ் செயலியிலும் நிலைவாரியாகப் பிரித்த சிறு பாடங்கள் கிடைக்கும். ஒரு முழுக் கதையைச் சீனத்தில் முடித்தோம் என்ற தெம்போடு நாவலுக்கு வருவது மிக நல்லது.

எந்தக் கதையை எடுப்பது

பெரும்பாலானவர்கள் தவறுவது இங்கேதான். புகழ் பெற்ற நாவலாகப் பார்த்து எடுப்பார்கள். அது அரண்மனைச் சூழ்ச்சியாகவோ தெய்வலோகப் போராகவோ இருக்கும். நாலாவது பக்கத்தில் நின்றுவிடும்.

முதல் கதைக்கு நான் பார்க்கச் சொல்வது நான்கு விஷயங்கள். இன்றைய காலத்தில் நடக்க வேண்டும். உரையாடல் நிறைய இருக்க வேண்டும். வான்ஜியே என்று போட்டிருக்க வேண்டும், அதாவது எழுதி முடித்தது. தொடர்ந்து வெளியாகிக்கொண்டிருப்பதை லியன்ஜாய் என்பார்கள். பாதியில் கைவிடப்பட்ட கதைக்குக் கெங் என்று பெயர், குழி என்று பொருள். எத்தனையோ வாசகர்கள் அந்தக் குழியில் விழுந்திருக்கிறார்கள், முதல் கதையிலேயே நீங்கள் விழ வேண்டாம். நான்காவதாக, கதை உங்களுக்குக் கொஞ்சமாவது முன்பே தெரிந்திருந்தால் மிகவும் நல்லது. நாடகமாக வந்து வசன வரியோடு நீங்கள் பார்த்த கதை என்றால், யார் யார், என்ன நடக்கும் என்பது தெரியும். மூளை முழுவதும் மொழிமேல் இருக்கும்.

இந்த நான்கும் பொருந்துகிற ஒன்றைச் சொல்லச் சொன்னால் கு மான் எழுதிய ‘வெய்வெய் யீசியாவ் ஹென் ச்சிங்செங்’. கல்லூரிக் காதல் கதை, கணினி மாணவர்கள், இணைய விளையாட்டு. ஒரே புத்தக அளவுதான். 2016இல் நாடகமாக வந்தது, அதைப் பார்த்துவிட்டுப் படிக்கலாம். அடுத்த நிலைக்கு ஹுதியே லான் எழுதிய ‘ச்சுவான்ஜி காவ்ஷோவ்’. 2011 முதல் 2014 வரை ச்சிதியனில் வந்தது. கணினி விளையாட்டைத் தொழிலாகக் கொண்ட ஒருவன் குழுவிலிருந்து வெளியேறி, அடியிலிருந்து மறுபடி ஏறும் கதை. 1,700க்கும் மேற்பட்ட அத்தியாயங்கள். விளையாட்டுச் சொற்கள் முதலில் படுத்தும், ஐம்பது அத்தியாயத்துக்குள் கைவந்துவிடும். மாவ் நி எழுதிய ‘ச்சிங் யூ நியன்’ நாடகத்தைப் பார்த்து மயங்கி உடனே நாவலைத் திறக்காதீர்கள். அருமையான கதை. ஆனால் அரசவை மொழி, பழைய கவிதை, பதவிப் பெயர்கள் என்று நிறைய இருக்கின்றன. மூன்றாவது நாவலாக வைத்துக்கொள்ளுங்கள்.

எதுவானாலும் வாங்குவதற்கு முன் இலவச அத்தியாயங்களில் முதல் இரண்டைத் திறந்து, ஒரு பத்தியில் தெரியாத எழுத்துகளை எண்ணுங்கள். நூறு எழுத்துக்கு எட்டுக்குள் இருந்தால் எடுங்கள். பன்னிரண்டைத் தாண்டினால், கதை எவ்வளவு பிடித்தாலும் ஆறு மாதம் தள்ளி வையுங்கள்.

எங்கே, எதை வைத்துப் படிப்பது

ச்சிதியனில் ஆண்கள் விரும்பும் சாகசக் கதைகள் அதிகம். 2003இல் தொடங்கிய ஜின்ஜியாங் தளத்தில் பெண்கள் எழுதி, பெண்கள் படிக்கும் கதைகள் அதிகம். உறவு, பேச்சு, மனம் என்று போவதால் புதியவர்களுக்கு ஜின்ஜியாங் கதைகள் எளிது என்பது என் அனுபவம். ஃபான்ச்சியே என்பது விளம்பரத்தோடு இலவசமாகப் படிக்கத் தரும் செயலி.

இந்தியாவில் இருப்பவர்களுக்கு ஒரு சிக்கல். 2020 ஜூன் 29 அன்று அரசு தடை செய்த 59 சீனச் செயலிகளில் வீசாட் என்ற அரட்டைச் செயலியும் ஒன்று. பல சீனத் தளங்கள் கணக்குத் திறக்க வீசாட்டையோ சீனக் கைபேசி எண்ணையோ கேட்கும். அதனால் செயலி தேடி அலையாமல், கணினி உலாவியில் தளத்தைத் திறந்து இலவச அத்தியாயங்களோடு தொடங்குங்கள். அதுவே முதல் மாதத்துக்குப் போதும். சிங்கப்பூர், மலேசியாவில் இருப்பவர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. சீனப் புத்தகக் கடைகளில் அச்சுப் பிரதியும் கிடைக்கும், அங்கேயும் சீனாவில் போலவே எளிமையாக்கிய வடிவ எழுத்துதான்.

காசு கொடுத்துப் படிப்பது பற்றிக் கொஞ்சம் அழுத்திச் சொல்கிறேன். ஆயிரம் எழுத்துக்கு ஐந்து ஃபென் என்று வைத்துக்கொண்டால், இருபது லட்சம் எழுத்து நாவல் முழுவதற்கும் 100 யுவான். ஒரு வருடம் முழுக்கப் படிக்கக் கூடிய புத்தகத்துக்கு அது பெரிய தொகை இல்லை. திருட்டுத் தளங்களில் எழுத்துப் பிழை நிறைய இருக்கும், வரிகள் விட்டுப் போயிருக்கும். கற்கிறவருக்கு எது பிழை, எது புதுச் சொல் என்று தெரியாது. இல்லாத சொல்லை அகராதியில் அரை மணி நேரம் தேடுவீர்கள். எழுதியவருக்கும் ஒன்றும் போய்ச் சேராது.

கருவி என்று பார்த்தால் பிளெகோ என்ற அகராதிச் செயலி மட்டுமே முக்கால்வாசி வேலையைச் செய்துவிடும். அத்தியாயத்தை நகலெடுத்து அதன் வாசிப்புப் பகுதியில் போட்டால், எழுத்தைத் தொட்டதும் ஒலியும் பொருளும் வரும். கணினியில் ஜோங்வென் என்ற உலாவி நீட்சி அதே வேலையைச் செய்யும். ரீடிபு என்ற செயலி இணைய நாவல் படிக்கும் மாணவர்களுக்கென்றே செய்தது. பின்யினை, அதாவது ஒலியை ரோமன் எழுத்தில் எழுதியதை, எழுத்தின் தலைக்கு மேல் காட்டும் வசதியை மட்டும் அணைத்துவிடுங்கள். அது இருக்கும்வரை கண் பின்யினைத்தான் படிக்கும், எழுத்தைப் பார்க்காது.

முழு வரியையும் இயந்திர மொழிபெயர்ப்பில் போடும் பழக்கமும் வேண்டாம். கதை தெரிந்துவிடும், வாசிப்பு வளராது. ஒரு வரி இரண்டு முறை படித்தும் பிடிபடவில்லை என்றால் விட்டுவிட்டு அடுத்த வரிக்குப் போங்கள். அடுத்த மூன்று வரிகளில் தானாகப் புரிவது எவ்வளவு அடிக்கடி நடக்கிறது என்று பாருங்கள்.

முதல் பத்து அத்தியாயம்

இதுதான் செங்குத்தான ஏற்றம். ஓர் அத்தியாயம் பெரும்பாலும் 2,000 முதல் 4,000 எழுத்து இருக்கும். என் முதல் அத்தியாயத்துக்கு நான்கு மாலைகள் ஆயின. இருபதாவது அத்தியாயம் ஒரே மாலையில் முடிந்தது. எல்லோருக்கும் கணக்கு வேறாக இருக்கலாம், ஆனால் சரிவு இப்படித்தான் இருக்கும். முதல் அத்தியாயத்தின் வேகத்தைப் பார்த்து உங்களை நீங்களே மதிப்பிடாதீர்கள்.

முதலில் பெயர்கள். சீனத்தில் சொற்களுக்கு நடுவே இடைவெளி கிடையாது, பெயரைத் தனித்துக் காட்ட எந்த அடையாளமும் கிடையாது. அதனால் ஒரு பெண்ணின் பெயரைப் பனி, மூங்கில் என்று மொழிபெயர்த்துக்கொண்டே போய், மூன்றாவது பத்தியில்தான் அது ஆள் என்று தெரியவரும். குறிப்பேட்டின் முதல் பக்கத்தைப் பெயர்களுக்கு ஒதுக்குங்கள். பெயர், அதன் ஒலி, யாருக்கு யார். ஒரே ஆளை நாலு பேர் நாலு விதமாகக் கூப்பிடுவார்கள். வயதில் சிறியவன் குடும்பப் பெயருக்கு முன் சியாவ் பெறுவான், பெரியவர் லாவ் பெறுவார், ஒரே குருவிடம் படித்த மூத்தவன் ஷிஷியுங் ஆவான். அண்ணன், மச்சான், சித்தப்பா என்று ஒரே ஆளைப் பல பெயரில் கூப்பிட்டு வளர்ந்த நமக்கு இது பழகிவிடும், எழுதி வைத்துக்கொண்டால் போதும். ஓயாங், சிமா, ஷாங்குவான், முரோங் போன்றவை இரண்டு எழுத்துக் குடும்பப் பெயர்கள். சாகசக் கதைகளில் இவை நிறைய வரும்.

அடுத்தது தாவ் என்ற ஓர் எழுத்து. இதைப் பற்றி எந்தப் பாடப்புத்தகமும் எனக்குச் சொல்லித் தரவில்லை. வகுப்பில் இதைச் சாலை, வழி என்று படித்திருப்பீர்கள். அடியில் நடப்பதைக் காட்டும் உறுப்பு, அதன்மேல் தலை என்ற எழுத்து. தெரிந்து கொள்வதற்கான ஜிதாவ் என்ற சொல்லிலும் இது இருக்கிறது. நாவலைத் திறந்தால் பக்கத்துக்குப் பத்து முறை வருகிறது, எங்கும் சாலையைக் காணோம். கதைமொழியில் தாவ் என்றால் ‘சொன்னான்’. பாடத்தில் படித்த ஷுவோவுக்குப் பதில் இது. வென்தாவ் என்றால் கேட்டான். சியாவ்தாவ் என்றால் சிரித்துக்கொண்டே சொன்னான். ஹதாவ் என்று ஒன்று வரும். முதல் எழுத்து குடிப்பதற்கு எழுதும் அதே எழுத்து. நான் அதைக் குடி, சாலை என்று படித்து, எவனோ வழியில் நின்று குடிக்கிறான் என்று நினைத்தேன். அந்த எழுத்து முதல் தொனியில் வந்தால் குடி, நான்காம் தொனியில் வந்தால் அதட்டு. ஹதாவ் என்றால் ‘அதட்டினான்’. இந்த ஒன்று விளங்கியதும், யார் பேசுகிறார்கள், என்ன குரலில் பேசுகிறார்கள் என்பது பக்கம் முழுக்கத் தெளிவாகிவிடும்.

தாவைப் போலவே எழுத்துவழக்குக்கென்று ஒரு சிறு படை இருக்கிறது. பேச்சில் ஜியு என்பது கதையில் பியன் ஆகும், பா என்பது ஜியாங் ஆகும், ருகுவோ என்பது ருவோ ஆகும், ஜே என்பது ட்ஸி ஆகும். நாம் பேசுவது ஒன்று, எழுதுவது ஒன்று என்று வாழ்கிறவர்கள், ஆகவே இதில் அதிர்ச்சி அடைய ஒன்றுமில்லை. இப்படி ஒரு முப்பது சொல்லைக் குறிப்பேட்டின் இரண்டாம் பக்கத்தில் ஜோடி ஜோடியாக எழுதி வையுங்கள். எந்த நாவலுக்குப் போனாலும் உதவும்.

நமக்குக் கிடைத்திருக்கும் வசதி

சீன வாக்கியம் எழுவாய், வினை, செயப்படுபொருள் என்று போகும், நம்முடையது போல வினை கடைசியில் நிற்காது. அதைப் பார்த்து இரண்டும் எதிரெதிர் மொழி என்று நினைத்துவிடக் கூடாது. நீளமான வாக்கியங்களில் கற்பவர்கள் திணறுவது பெயருக்கு முன்னால் வந்து குவியும் விவரத்தில்தான். அங்கே தமிழ் தெரிந்தவர் சுலபமாகப் போய்விடலாம்.

வோ ஜுவோதியன் மாய் த ஷூ. சொல்லுக்குச் சொல் போடுங்கள்: நான், நேற்று, வாங்கு, இய, புத்தகம். நான் நேற்று வாங்கிய புத்தகம். வரிசை அப்படியே இருக்கிறது, த என்பது நம் பெயரெச்ச விகுதியின் வேலையைச் செய்கிறது. நாவலில் வருகிற நீளமான வடிவம் இப்படி இருக்கும்: ‘நாக ஜான்ட்ஸாய் மென்கோவ், யீஜி மெய் ஷுவோஹுவா த ஷாவ்னியன்’. அந்த, வாசலில் நின்ற, அதுவரை பேசாத பையன். த வரும்வரை பொறுத்திருந்து, அப்புறம் வரும் பெயரைப் பிடியுங்கள். தமிழில் தினமும் செய்கிற வேலைதான்.

பா என்ற சொல்லும் அப்படி. தா பா மென் குவான்ஷாங் ல: அவன், ஐ, கதவு, சாத்து, ஆயிற்று. அவன் கதவைச் சாத்தினான். நம் ஐ பெயருக்குப் பின்னால் ஒட்டும், பா பெயருக்கு முன்னால் நிற்கும். செயப்படுபொருள் வினைக்கு முன்னால் வருவது அதே மாதிரி. வாக்கியக் கடைசியில் மா போட்டால் கேள்வி, நாம் ‘வந்தானா’ என்பது போல. இந்த இடங்களை எல்லாம் நேராகத் தமிழ் வழியே புரிந்துகொள்ளுங்கள், நடுவில் ஆங்கிலத்துக்குப் போய்த் திரும்பாதீர்கள்.

எதைத் தேடுவது, எதை விடுவது

ஒலி தெரியாத எழுத்தைத் தொட்டுப் பார்த்துக்கொள்ளலாம், தப்பில்லை. ஆனால் குறிப்பேட்டில் எழுதுவது வேறு விஷயம். ஓர் அத்தியாயத்துக்கு ஐந்து சொல்லுக்கு மேல் எழுதாதீர்கள். எந்த ஐந்து? மூன்றாவது முறையாகக் கண்ணில் பட்ட சொல். முதல் முறை வந்ததை எழுதினால் அது மறுபடி வராமலே போகலாம். ஆன்கி போன்ற நினைவட்டைச் செயலி வைத்திருப்பவர்கள், சொல்லைத் தனியாகப் போடாமல் கதையில் வந்த வரியோடு சேர்த்துப் போடுங்கள்.

சில தொடர்களை முன்கூட்டியே தெரிந்துகொண்டால் நிறைய நேரம் மிச்சமாகும். இணைய நாவலில் ஆட்கள் முகத்தாலும் மூச்சாலும்தான் பாதி பேசுகிறார்கள். தியன்தோவ், தலையாட்டி ஆமோதித்தான். யாவ்தோவ், தலையை அசைத்து மறுத்தான். ஜோமேய், புருவம் சுருங்கியது. லெங்சியாவ், ஏளனமாகச் சிரித்தான். கூசியாவ், கசப்போடு சிரித்தான். யீலெங், ஒரு கணம் திகைத்தான். மியன்வு பியாவ்ச்சிங், முகத்தில் ஒரு சலனமும் இல்லை. தாவ்ஷி யீகோவ் லியாங்ச்சி என்று ஒன்று, குளிர்ந்த மூச்சை உள்ளே இழுத்தான் என்று பொருள். கதாநாயகன் தன் பலத்தைக் காட்டும்போதெல்லாம் சுற்றி நிற்கிறவர்கள் இதைச் செய்வார்கள். நான்கெழுத்துத் தொடர்களும் இப்படித்தான் கையில் வரும். மு தெங் கோவ் தாய்: கண், வெறித்து, வாய், அசைவற்று. வாய் பிளந்து பார்த்தான், அவ்வளவுதான். நான்கெழுத்துத் தொடர் என்றதும் பயந்து அகராதியின் வரலாற்றுக் குறிப்புக்குப் போக வேண்டாம். எழுத்துகளை ஒவ்வொன்றாகப் பாருங்கள், பாதிக்கு மேல் பொருள் கண்முன்னே இருக்கும்.

புது எழுத்தைப் பார்க்கும்போது குடும்பமாகப் பாருங்கள். பசுமை கலந்த நீலத்தைக் குறிக்கும் ச்சிங் என்ற எழுத்தை எடுத்துக்கொள்வோம். அதன் இடப்பக்கம் மூன்று நீர்த்துளி வந்தால் தெளிந்த நீர். நெஞ்சு வந்தால் உணர்ச்சி. பேச்சு வந்தால் தயவுசெய்து என்று வேண்டுவது. சூரியன் வந்தால் மேகமில்லாத நாள். எல்லாமே ச்சிங்தான், தொனி மட்டும் மாறும். கண் வந்தால் கண் என்ற சொல்லின் பகுதி, அங்கே ஒலி ஜிங் என்று கொஞ்சம் நழுவும். சீன எழுத்துகளில் மிகப் பெரும்பாலானவை இப்படி ஒலிக்கு ஒரு பாதி, பொருளுக்கு ஒரு பாதி என்று அமைந்தவை. ஒரு பக்கத்தில் இந்தக் குடும்பத்தின் மூன்று பேரைச் சேர்ந்தாற்போலப் பார்க்கும் நாளில், எழுத்து என்பது கோடுகளின் குவியல் என்ற எண்ணம் போய்விடும்.

ஜின்ஜியாங்கில் படிப்பவர்களுக்கு ஒரு சிறு எச்சரிக்கை. சில வரிகளின் நடுவே இரண்டு சதுரப் பெட்டிகள் வரும். வாய் என்று பொருள்படும் கோவ் என்ற எழுத்து அச்சாக அதே மாதிரிதான் இருக்கும். கோவ்கோவ் என்று அகராதியில் தேடாதீர்கள். தளத்தின் தணிக்கை நீக்கிய சொல்லின் இடம் அது.

எவ்வளவு, எப்போது, காதையும் சேர்த்து

நாளுக்கு ஓர் அத்தியாயம் என்பது நல்ல அளவு. முடியாத நாளில் அரை அத்தியாயம். ஞாயிற்றுக்கிழமை மட்டும் மூன்று மணி நேரம் உட்காருவதைவிட, தினம் இருபது நிமிடம் மேல். நேற்று படித்த ஆட்கள் நினைவில் இருக்கும்போதே இன்று தொடர வேண்டும்.

கண்ணால் மட்டும் படித்தால் ஓர் ஆபத்து இருக்கிறது. பொருள் தெரியும், ஒலி தெரியாது என்ற நிலையில் நூற்றுக்கணக்கான எழுத்துகள் சேர்ந்துவிடும். புகழ் பெற்ற நாவல்கள் பல ஷிமலாயா தளத்தில் ஒலிவடிவில் கிடைக்கின்றன. முதலில் அத்தியாயத்தைப் படியுங்கள், மறுநாள் அதையே சமைக்கும்போதோ பேருந்திலோ கேளுங்கள். படித்து முடித்த கதை என்பதால் காது தொடர்ந்து வரும். தொனியைத் தப்பாக வைத்திருந்த சொற்கள் அங்கே பிடிபடும்.

இரண்டாவது கதை

முதல் கதை முடிந்ததும் அதே எழுத்தாளரின் இன்னொரு கதையை எடுங்கள். அவருக்குப் பிடித்த சொற்களும் வாக்கிய நடையும் உங்களுக்குப் பழகியிருக்கும், அந்தப் பழக்கத்தை வீணாக்க வேண்டாம். அப்புறம் வகையை மாற்றலாம்.

வகை மாற்றும்போது சியன்சியா பக்கம் போகப் பயப்படாதீர்கள். மனிதன் தவம் செய்து சாகாநிலை அடையும் கதைகள். லியன்ச்சி, ஜூஜி, ஜின்தான், யுவான்யிங் என்று படிநிலைகள் வரும். மூச்சை நெறிப்படுத்துவது, அடித்தளம் போடுவது, உள்ளே பொன் குளிகை திரள்வது, அதிலிருந்து ஓர் ஆன்மக் குழந்தை பிறப்பது. கொப்பூழுக்குக் கீழே இருக்கும் தான்தியன் என்ற இடத்தில்தான் எல்லாம் நடக்கும். மற்ற நாட்டு மாணவர்களுக்கு இதை விளக்கப் பக்கம் பக்கமாக எழுத வேண்டியிருக்கிறது. மூலாதாரம், காயகற்பம், ரசமணி என்று கேட்டு வளர்ந்தவருக்கு, போகர் சீனாவுக்குப் போனார் என்ற கதையைத் தாத்தா சொல்லக் கேட்டவருக்கு, இது அந்நியமாக இருக்காது. சீனத் தாவோ மரபு வேறு, நம் சித்தர் மரபு வேறு, இரண்டையும் ஒன்றாக்க வேண்டாம். ஆனால் சொல்லின் பின்னால் இருக்கும் எண்ணம் சட்டென்று பிடிபடும். இந்தக் கலைச்சொற்கள் ஒரு நாவலில் படித்தால் நூறு நாவலுக்கு உதவும், எல்லோரும் அதையேதான் பயன்படுத்துகிறார்கள்.

கதை பிடிக்கவில்லை என்றால் விடலாமா? இருபது அத்தியாயத்துக்குப் பிறகு தாராளமாக விடலாம். அதற்கு முன்னால் விடாதீர்கள். கதை பிடிக்கவில்லையா, ஏற்றம்தான் கடினமாக இருக்கிறதா என்று அதற்கு முன் தெரியாது.

கடைசியாக, ஐம்பது அத்தியாயம் தாண்டியதும் வாசகர் கருத்துகளைத் திறந்து பாருங்கள். ச்சிதியனில் பத்திக்குப் பத்தி கருத்து எழுத வசதி இருக்கிறது. அங்கே இருப்பது பச்சைப் பேச்சுமொழி. சுய்கெங் என்று ஒருவர் கத்துவார், சீக்கிரம் அடுத்ததைப் போடு என்று. ஷுஹுவாங் என்று இன்னொருவர் புலம்புவார், படிக்க ஒன்றுமில்லாத புத்தகப் பஞ்சம். கதாநாயகனுக்கு வாய்த்த தனி வரத்தை ஜின்ஷோவ்ஜி, பொன்விரல் என்பார்கள். முதலில் ஒரு வரியும் புரியாது. ஒருநாள், இப்போதுதான் படித்து முடித்த பத்தியின் கீழே யாரோ எழுதியிருக்கும் வரி அகராதி இல்லாமல் புரியும், அதற்கு அடுத்த வரியில் அவரோடு ஒருவர் சண்டை போடுவதும் புரியும்.